பிளேன்டீ ஆறட்டும்

பொறுமை என்கிற சாமான் என்னிடம் பிறவியிலேயே கிடையாது. வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் கையைத் தூக்குவதற்குள் நானே விடையையும் சொல்லிவிடுவேன். என்னிடம் படித்த ஒருத்தி ஒருநாள் கண்டி டவுனில் என்னை நிறுத்தி, "மிஸ், உங்க பாடத்துல மட்டும்தான் நாங்க பயமே இல்லாம இருந்தோம். எப்படியும் நீங்களே சொல்லிருவீங்கல்ல" என்றாள். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சுருக்கென்றது.

இப்படிப்பட்டவளுக்கு, எதையும் ஆற அமரச் செய்கிற ஒரு மகள் வந்து பிறந்தாள். பாப்பாவுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த மறுநாள் டாக்டர் சொன்னார். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அழுததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை அழுது முடித்தாயிற்று. தலை நின்றதும், உட்கார்ந்ததும், தவழ்ந்ததும் எல்லாம் தாமதமாகத்தான் வந்தன, ஆனால் வந்தன. இரண்டரை வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் மட்டும் சொல்லவில்லை.

கண்டி மஹய்யாவையில், ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற வரிசையில் எங்கள் வீடு. நாங்கள் மூன்று பேர், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி. பாப்பா பிறந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் எல்லாருக்குமே பெரியப்பா, பெரியம்மா ஆகிவிட்டார்கள். பெரியப்பா தெல்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர். பெரியம்மாவின் ஊரே தெல்தோட்டைதான். அந்த பஸ்ஸில் அடிக்கடி ஏறி இறங்கியதால் வந்த கல்யாணம் அது என்று என் கணவர் சொல்வார். பெரியம்மா இன்றுவரை மறுக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனால் பாப்பா பெரியம்மா பொறுப்பு. பெரியம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: பிள்ளை ஏங்கிப் போகக்கூடாது. பசிக்கு முன்னால் சோறு வரும், தாகத்துக்கு முன்னால் தண்ணீர் வரும். பாப்பா அலுமாரிப் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும், மேல்தட்டில் இருக்கிற பொம்மை கைக்கு வந்துவிடும். "பச்சப் புள்ள வாயத் தொறந்து கேட்டு நாம குடுக்கணுமா? அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?" என்பார். வீட்டில் யாருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. நானும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளை பேச வேண்டியதே இல்லை, பார்த்தாலே எனக்குத் தெரியும் என்று.

டவுனில் நாங்கள் போகிற கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. சின்ன வயது, அம்பிட்டியவில் ஒரு வீட்டில் போர்டிங். "அடுத்த ஆறு மாசத்துக்குப் பிள்ளைக்கு ஒரு திட்டம் போடவேணும் அம்மா. ஆனா இங்க இருந்து இல்ல. வீட்டில எல்லாரும் சேர்ந்துதான் போடவேணும். நான் வீட்டுக்கு வாறன்" என்றார்.

திட்டம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. பாடத்திட்டம் எழுதியே பழகிய கை அல்லவா? அன்றிரவே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பெழுதி, நான்கு பக்கம் எழுதி முடித்தேன். நிறங்கள், வடிவங்கள், ஒன்றிலிருந்து பத்து, உடல் உறுப்புகள், மிருகங்கள், கிழமைகள். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு இப்பவே விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மிஸ் வருகிற நாளில் வீடு பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா பாப்பாவின் பாயையும், அவள் தட்டி விளையாடுகிற சட்டி மூடிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளி மறைத்தார். கண்ணாடி அலுமாரியிலிருந்து கோப்பைகள் இறங்கின. கேக், கோழிக்கூட்டு வாழைப்பழம், பெட்டிஸ் எல்லாம் மேசைக்கு வந்தன. பாப்பாவுக்குப் பிறந்தநாள் கவுண், அந்த வலை வைத்தது. அது குத்தி அவள் முகமெல்லாம் சிவந்துபோனது. லீவு போட்டிருந்த பெரியப்பா மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போலக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

மிஸ் உள்ளே வந்தார். பெரியப்பா எழுந்து கதிரையைக் காட்ட, "வேண்டாம் அண்ணா, நான் கீழயே இருக்கிறன்" என்று பாப்பாவுக்கு எதிரே நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவுக்கு மயக்கம் வராத குறை. வந்த ஆளைத் தரையில் உட்கார வைத்த வீடு என்று ஊர் பேசாதா? வேறு வழியில்லாமல் நாங்களும் ஒவ்வொருவராகத் தரைக்கு இறங்கினோம். பாப்பா மிஸ்ஸின் கைப்பையின் சிப்பைத் திறந்து, சாவியை எடுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் மிஸ் அதை மட்டும்தான் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இதற்கா லீவு போட்டோம்?

நான்கு பக்கத்தை நீட்டினேன். ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"எல்லாம் நல்ல விஷயம்தான் அம்மா. இதில உங்கட ஆசை எது?"

"எல்லாமே என் ஆசைதானே மிஸ்?"

"ஓம். இது ரீச்சர் எழுதினது. அம்மாட ஆசை என்னெண்டு கேக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. என் எழுத்தைப் பார்த்து இப்படி யாரும் கேட்டதில்லை. சூடாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "என்னைய அம்மான்னு கூப்பிடணும் மிஸ். ஒரு தடவ கூப்பிட்டாப் போதும்." சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். பெரியம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். பாப்பா சாவியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

மிஸ் ஆறுதல் சொல்லவில்லை, நடக்கும் என்று வாக்கும் கொடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்து, "அதை உங்கட கையாலயே மேல எழுதுங்கோ" என்றார். எழுதினேன். என் வாழ்க்கையில் கோடு போடாமல் எழுதிய ஒரே திட்டம் அதுதான்.

பிறகு மிஸ் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "ஒரு நாளில நீங்கள் எல்லாரும் ஒண்டா இருக்கிற நேரம் எது?"

அதற்கு யோசிக்கவே தேவையில்லை. மாத்தளைக் கோச்சி தண்டவாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போகிற பின்னேர வேளையில், ஆளுக்கொரு கோப்பை, பால் விடாத பிளேன்டீயோடு முன்னறையில் உட்காருவோம். எங்கள் வீட்டில் பிளேன்டீயில் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு வாய். பெரியப்பாவுக்குக் கடைசி ட்ரிப் பிந்தினால் ஒழிய அவரும் இருப்பார். பாப்பாவுக்கும் கருப்பட்டி என்றால் உயிர். பெரியம்மா அவளுக்குத் துண்டு துண்டாக உடைத்து வாயிலேயே வைப்பார்.

"அப்ப அதுதான் எங்கட நேரம். கருப்பட்டியைப் பிள்ளைக்கு உடன குடுக்காதேங்கோ. கையில வச்சுக்கொண்டு, பிள்ளையின்ர முகத்தைப் பாத்து, மனசுக்குள்ள பத்து எண்ணுங்கோ. கையை நீட்டினாலும் சரி, சத்தம் போட்டாலும் சரி, ஏதாவது அவ கேட்டா குடுங்கோ."

சொல்லிக்கொண்டே அதைத் தாளிலும் எழுதினார். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "மிஸ், கோவிச்சுக்காதீங்க. கையில தின்பண்டத்த வச்சுக்கிட்டு பிள்ளைக்குக் காட்டிக்கிட்டு இருக்கிறதா? பத்து எண்ணுறதுக்குள்ள பாப்பா ஏங்கிப் போயிரும். எனக்கு அது முடியாதுங்க." சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் மிஸ் பக்கம் பேசுவதா, பெரியம்மா பக்கம் பேசுவதா என்று தெரியாமல் முழித்தேன். படித்தவர் சொல்கிறார், கேளுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் இல்லாத நேரமெல்லாம் என் பிள்ளைக்கு உயிரைக் கொடுப்பவர் பெரியம்மா.

மிஸ் எழுதியதை மறுபடி பார்த்தார். பேனையால் அந்த வரியை வெட்டினார். "சரி அக்கா. உங்களால ஏலாத ஒண்டு திட்டத்தில இருக்கக்கூடாது. வேற எப்பிடிச் செய்யலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

திட்டம் போடுகிறவர்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெரியம்மாவும் பார்த்திருக்கமாட்டார். கொஞ்ச நேரம் பாப்பாவின் கவுண் வலையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிள்ளதாங்க ஏங்கக்கூடாது. நாம ஏங்கலாம்ல? டப்பாவ அது கையில குடுத்துருவோம். அது நமக்குக் குடுக்கட்டும். அதுவரைக்கும் நாம பாத்துக்கிட்டு இருப்போம்."

மிஸ் கைதட்டிவிட்டார். "இது நான் படிச்ச புத்தகத்தில ஒண்டிலயும் இல்ல அக்கா!" என்று அதை அப்படியே எழுதினார். பாப்பா சுவர் பிடித்து நடந்து, ஒவ்வொருவருக்கும் கருப்பட்டி கொடுப்பாள். வாங்குகிற ஆள் கையை நீட்டி, வாயை மூடி, பத்து எண்ணுவார். கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். பெரியம்மா தன் பெயரை எழுதி முடிக்கிறவரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாளை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். பிறகு கட்டிலுக்கடியில் இருந்த பாயும் சட்டி மூடிகளும் வெளியே வந்தன, பெட்டிஸும் காலியானது.

மறுநாள் பின்னேரத்திலிருந்து எங்கள் வீட்டில் சூடான பிளேன்டீ என்பது இல்லாமல் போயிற்று. பாப்பா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரி வருவாள். நாலு பேரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் நின்று, டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, மறுபடி திறந்து, ஒரு துண்டைத் தானே வாயில் போட்டுக்கொண்டு, பிறகுதான் எங்களைக் கவனிப்பாள். பெரியப்பாவுக்கு இரண்டு துண்டு கொடுத்துவிட்டு ஒன்றைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். "டிக்கட்டுக்கு மிச்சக் காசா?" என்று அவர் கேட்பார். ஒருநாள் மா அரிக்கிற அரிதட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த கீழ்வீட்டு முஸ்லிம் ராத்தா, நாலு பேரும் வாய்மூடிக் கையேந்தி இருப்பதைப் பார்த்து, "அல்லாவே, என்ன இது, எல்லாருக்கும் என்ன நடந்த?" என்று பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னதும் தானும் உட்கார்ந்து கையை நீட்டினார். பாப்பா அவருக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் பெரியப்பாவின் கையைப் பார்த்து "பா" என்றாள். இரண்டு மாதத்தில் பெரியம்மாவுக்கு "ம்மீ" என்றொரு பெயர் கிடைத்தது. என் கணவருக்கு ஒருநாள் "ப்பா" வந்தது. அவர் எழுந்து போய்க் குசினியில் முகம் கழுவிவிட்டு வந்தார். ஒவ்வொன்றும் வீட்டுக்கே திருவிழாதான். நானும் சிரித்தேன், கை தட்டினேன், பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு முறையும் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. என் முன்னால் வந்தால் மட்டும் பாப்பா கருப்பட்டியைக் கையில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். பெற்றவளுக்கு மட்டும் ஒன்றுமில்லையா?

மிஸ் ஒரு பின்னேரத்தை வீடியோ எடுத்து வரச் சொன்னார். என் கணவர் போனில் எடுத்தார். கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தோம். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு அமைதியாக இருக்கிறார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறாள். "பாப்பா, அம்மாகிட்ட வாங்க, அம்மாக்கு எங்க, அம்மாக்குத் தாங்க, யாரு இது, அம்மா, சொல்லுங்க, அம்மா, அம்..." அந்தப் பெண் மூச்சு விட்ட இடமே தெரியவில்லை. பாப்பா அவளைப் பார்க்கிறாள், உதடு குவிகிறது, ஏதோ வரப்போகிறது. அதற்குள் அந்தப் பெண் "அம்மா" என்று தானே சொல்லிவிடுகிறாள்.

கேள்வியையும் கேட்டு விடையையும் சொல்கிற அதே மிஸ்தான். என் கணவர் சிரிப்பை அடக்க மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றேன். எங்கள் மிஸ் மெதுவாகச் சொன்னார்: "அவ சொல்ல வாறா அம்மா. நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ."

அன்று பின்னேரம் பெரியப்பா என் பக்கத்துக் கதிரையில் இடம் பிடித்தார். "இனி இந்தச் சீட் என் பொறுப்பு" என்றார். தெல்தோட்டை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது அவர் இறங்கி நின்று, வருகிற வேன்களுக்கு உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். எந்த அவசரக்காரனும் அந்தக் கைக்கு நின்றுதான் ஆகவேண்டும். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அதே கை என் மூக்குக்கு நேரே எழும்பியது. "இரு." பாப்பா வருவாள், நான் மூச்சை இழுப்பேன், "இரு." ஒரு பின்னேரத்தில் எத்தனை 'இரு' என்று எனக்கே தெரியாது. வீட்டில் மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பதை விட்டுவிட்டு இந்தக் கூத்தைத்தான் பார்த்தார்கள்.

பிறகு ஒருநாள் நல்ல மழை. ரோட்டில் மரம் விழுந்து தெல்தோட்டை பஸ் எங்கோ நின்றுவிட்டது. பெரியப்பா வரவில்லை, பக்கத்துக் கதிரை காலி. பாப்பா பெரியம்மாவுக்குக் கொடுத்தாள், அப்பாவுக்குக் கொடுத்தாள், சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு நடந்து என் முன்னால் வந்து நின்றாள். தடுக்க ஆள் இல்லை என்ற துணிச்சலில் நான் வாயைத் திறந்தேன். "அம்மா..."

பாப்பா டப்பாவை அக்குளில் இறுக்கிக்கொண்டாள். சின்ன உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே உயர்த்தினாள்.

"இடு" என்றாள். ரகரம் வரவில்லை. ஆனால் கண்டக்டர் கண்டக்டர்தான். நான் நின்றுபோனேன்.

பெரியம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டார். என் கணவர் கோப்பையைச் சாய்த்து மடியெல்லாம் பிளேன்டீ. நான் அசையவில்லை. பாப்பா டப்பாவுக்குள் விரலை விட்டு, எடுத்து, வைத்து, வேறொன்றை எடுத்து, அதன் முனையைக் கடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, எச்சிலோடு என் கையில் வைத்தாள். அந்தக் கருப்பட்டியைப் போல நான் எதையும் தின்றதில்லை. அம்மா என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. என் மகள் என்னைப் பார்த்து, எனக்கென்று, தானாக ஒரு சொல் சொல்லியிருந்தாள். ஈரத்தோடு வந்து சேர்ந்த பெரியப்பாவிடம் அதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்; அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து இரண்டாவது தாளும் அலுமாரிக் கதவில் ஏறியது. மேலே என் கையெழுத்தில் அதே ஆசையைத் திரும்ப எழுதினேன், இந்த முறை அழாமல்.

தவணைப் பரீட்சை முடிந்த சமயம். நாற்பது கொப்பிகளை மேசையில் குவித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னேரம்தான், குசினியில் கேத்தல் கொதிக்கிற சத்தம். முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"ம்மா."

பிழைக்கு மேல் பிழையாக ஒரு கணக்கு, யாருடையதோ, என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமல் இடது கையை மட்டும் பின்னால் உயர்த்தி, "இரு" என்றேன்.

பின்னால் சத்தமில்லை. கணக்கைத் திருத்தினேன், மொத்தம் போட்டேன், கொப்பியை மூடி மற்றதன்மேல் வைத்தேன். அடுத்த கொப்பியைத் திறக்கும்போதுதான் அந்தக் குரல் என் காதுக்கு வந்து சேர்ந்தது. சிவப்புப் பேனை கையிலிருந்து உருண்டு போனது.

திரும்பினேன். சுவரைப் பிடிக்காமல் நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டியிருந்தாள், வாயை மூடியிருந்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்காக ஒவ்வொரு நாளும் இருந்த மாதிரியே, கொஞ்சமும் அவசரப்படாமல், நான் வருகிறவரை காத்துக்கொண்டிருந்தாள்.